இரட்டைக்கோட்டு நோட்டு

2020 மார்ச்சில் கொரோனாவின் நிமித்தம் மூடப்பட்ட தமிழ்நாட்டுப் பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன என்பதை நினைக்கையில், அந்த நீண்ட இடைவெளியில் மிகவும் நலிந்தது குழந்தைகளின் எழுத்து அப்பியாசமே என்று எனக்குத் தோன்றுகிறது. கல்வித் தொலைக்காட்சி பாடம் சொல்லிற்று. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஆயினும், பிள்ளை பென்சிலை எப்படிப் பிடிக்கிறது, இரட்டைக்கோட்டு நோட்டில் ழகரத்தை எங்கே தொடங்கி எங்கே சுழிக்கிறது என்பதையெல்லாம், எழுதி முடித்த பக்கத்தின் புகைப்படம் ஆசிரியருக்குக் காட்டிவிடுமா? அப்பக்கங்களில் சில அம்மாவின் கைவண்ணம் என்பதும் பரம ரகசியமன்று. விரல்களும் மணிக்கட்டும் தினசரிப் பிரயாசையால் பழகுகிறவை ஆதலால், மழைக்காகப் பள்ளி மூடும் நாட்களிலேனும், பார்த்தெழுதும் தண்டனையைத் தவிர்த்து, மளிகைச் சாமான் பட்டியலையும் தாத்தாவுக்கு ஓர் அஞ்சலட்டையையும் குழந்தையே எழுதட்டும். பிழைகளை அன்றே திருத்த வேண்டியதில்லை.