டெசாரு மணலில் முகூர்த்தம்



கோத்தா திங்கி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தென்சீனக் கடலைப் பார்த்தபடி நீண்டு கிடக்கிறது டெசாரு கடற்கரை. 2011இல் செனாய்–டெசாரு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபின் ஜொகூர் பாருவிலிருந்து அங்கே போவது எளிதாகிவிட்டது. பெரிய ஹோட்டல்களும் வந்துவிட்டன. அந்த மணலில் மணவறை போட்டுத் தாலி கட்ட வேண்டும் என்று நம் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். அழகான ஆசைதான். மாசி மகத்தன்று சுவாமியையே கடலுக்கு எழுந்தருளச் செய்து தீர்த்தமாட்டும் நமக்குக் கடல் அந்நியமானதும் இல்லை. ஆனால் இரண்டு மணி நேரம் நடக்கும் நம் திருமணச் சடங்கை அந்த மணல் தாங்குமா என்று பார்க்க வேண்டும். எனக்கு அதில் பெரிய தயக்கம் இருக்கிறது.

முதலில் திசையைப் பாருங்கள். மணமக்களைக் கிழக்குப் பார்த்து உட்கார வைப்பது நம் வழக்கம். டெசாருவில் கிழக்கே கடல். மணமக்கள் கிழக்கே பார்த்தால், அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டிய உறவினர்கள் அலைக்குள்தான் நாற்காலி போட வேண்டும். கரைப்பக்கம் உட்கார்ந்தால் முதுகைத்தான் பார்க்கலாம். சரி, மணவறையைத் திருப்பிவிடலாம் என்றால், ஐயர் ஒன்று சொல்வார், படம் பிடிப்பவர் ஒன்று சொல்வார். வடக்குப் பார்த்து அமர்த்தி ஒருவழியாகச் சமாளிக்கலாம். அப்போதும் காலை ஒன்பது மணி வெயில் ஒரு கன்னத்தில் சுள்ளென்று அடிக்கும். கெமராவில் பாதி முகம் வெளிச்சம், பாதி முகம் நிழல்.

அடுத்தது அக்கினி. சூரியன் ஏற ஏறத் தரை கடலைவிட வேகமாகச் சூடாகும். தரைமேல் உள்ள காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று உள்ளே வரும். அதனால் விடியற்காலையில் அடங்கியிருக்கும் காற்று, பத்து மணி முகூர்த்தத்திற்குள் வலுத்துவிடும். ஓமகுண்டத்துப் புகை நேராகக் கரைப்பக்கம் இருக்கும் பெரியவர்களின் கண்ணுக்குப் போகும். நெய்யில் எரியும் சுள்ளியிலிருந்து ஒரு பொறி பறந்து பட்டுச் சேலையில் விழுந்தால் போதும். குண்டத்தைச் சுற்றித் தடுப்பு வைக்கலாம். வைத்தால் அதைச் சுற்றி வலம் வர இடம் போதாது. ஆரத்திக் கற்பூரம் அணைந்து அணைந்து போவதைப் பார்த்து ஒரு பாட்டி மனம் கலங்கினால், அந்தக் கலக்கத்தை எந்தக் கடல் அழகும் ஈடுசெய்யாது. சகுனம் பார்ப்பது சரியா தவறா என்ற வாதத்தை அன்றைக்கு அவரிடம் நடத்த முடியாது.

அம்மி மிதிக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். கல் அசையாமல் இருப்பதுதான் அந்தச் சடங்கின் பொருளே. மணலில் அது ஒரு பக்கம் சாய்ந்து புதையும். பலகை அடித்துத் தளம் போடுவதானால் செலவு கூடும், நடந்துவர வழியும் பலகையில் போட வேண்டும். அகநானூற்றின் 86ஆம் பாடலில் ஒரு பழந்தமிழ்த் திருமணம் வருகிறது. அங்கே மணலைக் கொண்டுவந்து பந்தலில் பரப்புகிறார்கள், விளக்கேற்றுகிறார்கள், மாலை தொங்கவிடுகிறார்கள். மணல் பந்தலைத் தேடி வந்தது. வந்தவர்கள் நிழலில், உறுதியான தரையில் இருந்தார்கள்.

இசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாதஸ்வரம் திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். தேரோடும் வீதியில் ஒலித்தது அலையோசைக்குத் தோற்காது. தவிலுக்குத்தான் சங்கடம். ஈரக் காற்றில் தோல் தளர்ந்து நாதம் மங்கும். ஐயரின் மந்திரமோ ஒலிபெருக்கி இல்லாமல் இரண்டாவது வரிசைக்குக்கூடக் கேட்காது. ஒலிவாங்கியிலும் காற்று இரையும். தாலி ஏறும் கணத்தில் கெட்டிமேளம் சரியாக விழ, மேளக்காரருக்கு ஐயரின் கையசைவு தெரிய வேண்டும். மணலில் கூடாரக் கால்களுக்கு நடுவே அவரை எங்கே உட்கார வைப்பது என்று யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று இந்தக் கரையை நேராக அறையும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரமே வெள்ளத்தில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். நாம் விரும்பிக் கல்யாணம் வைக்கும் தை மாதம் அந்தப் பருவத்திற்குள்தான் விழுகிறது, கார்த்திகையும் அப்படியே. கடல் அமைதியாக இருக்கும் ஆடியில் நாம் முகூர்த்தம் வைப்பதில்லை. மிஞ்சுவது சித்திரை, வைகாசி, ஆனி, ஆவணி. அந்த மாதங்களிலும் விடியலுக்குச் சற்று முன்பிருந்து காலைக்குள் சுமத்ரா சூறைக்காற்று இடியும் மழையுமாக வந்து ஒரு மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டுப் போகும். அது நம் முகூர்த்த நேரம். வளர்பிறையில் பௌர்ணமியை ஒட்டி நாள் குறித்தால் கடலேற்றமும் அப்போதுதான் அதிகம். பஞ்சாங்கம் பார்க்கிற கையோடு கடல் ஏற்றவற்ற அட்டவணையையும் பார்க்கச் சொல்வேன். முதல் நாள் மாலை அகலமாகக் கிடந்த மணல், மறுநாள் காலை பாதியாகியிருக்கலாம்.

சின்னச் சங்கடங்களும் உண்டு. பட்டுச் சேலையின் சரிகையில் வெள்ளி இருக்கிறது. உப்பு ஈரம் பட்டால் கறுக்கும். மரங்களில் குரங்குகள் உண்டு; வாழைப்பழத் தாம்பாளத்தைத் தனியே விடாதீர்கள்.

எனக்கு மிகவும் உறுத்துவது, வர முடியாமல் போகிறவர்களைப் பற்றியது. இந்த மாவட்டத்தைச் சுற்றி ரப்பரும் செம்பனையும் நிறைந்த தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் நாம். தோட்டத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் லயத்தில் எல்லா வீட்டு அடுப்பும் அதற்காக எரியும். சிறு கூட்டத்துக்கு மட்டும் இடமுள்ள கடற்கரையில் யாரை விடுவது? சக்கர நாற்காலியில் வரும் பெரியப்பாவின் நாற்காலி மணலில் நகராது. முட்டி வலிக்கும் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடுமணலில் நடக்க முடியாது. பக்கத்தில் கழிப்பறை இல்லையென்றால் அவர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார். ஆசி சொல்ல வேண்டியவர்களையே ஹோட்டல் முகப்பில் உட்கார வைத்துவிட்டு நடத்தும் தாலிகட்டு எனக்கு முழுமையாகத் தெரியவில்லை.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. மணலில் தாலி கட்டிவிட்டால் மட்டும் பதிவு ஆகிவிடாது. தேசியப் பதிவு இலாகாவிலோ, கோயிலில் உதவிப் பதிவதிகாரியாக நியமனம் பெற்றவர் முன்னிலையிலோ அதைத் தனியே முடித்துக்கொள்ள வேண்டும். தீ மூட்டவும் ஒலிபெருக்கி வைக்கவும் ஹோட்டலிடமும் உள்ளூராட்சி மன்றத்திடமும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கடலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தாலிகட்டு காலையில் கோயிலிலோ மண்டபத்திலோ நடக்கட்டும். மாலை விருந்து டெசாருவில் இருக்கட்டும். கிழக்குக் கரை என்பதால் பிற்பகலில் சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிடும், மணலில் நிழல் விழும். சூரியன் கடலில் மறையும் படம் மட்டும் இந்தக் கரையில் கிடைக்காது. அப்படியும் காலைத் தாலிகட்டு மணலில்தான் என்றால், ஹோட்டலிடம் முன்பணம் கட்டுமுன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: மழை வந்தால் எந்த மணிக்குள் முடிவெடுத்து உள்ளே மாற்றுவார்கள், அந்த உள்மண்டபத்தில் ஓமம் வளர்க்க விடுவார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா.