மிஸ்ஸிங் எந்தச் சிலிண்டரில்?

ஈப்போவிலுள்ள சிலிபினுக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் ஈப்போ வட்டாரத்துத் தூண்டில்காரர்களுக்குத் தெமெங்கோர் ஏரியும் லூமுட் கடலும் வார இறுதிப் பயணத் தூரம்தான். தோமான் மீனை நினைத்துக்கொண்டு கிரிக் தாண்டிப் போய், படகை நீரில் இறக்கிக் கயிற்றை இழுத்தால், இஞ்சின் ஒரு நொடி சீராக ஓடுகிறது. மறு நொடி விக்குகிறது. கியர் போட்டதும் அணைந்துவிடுகிறது. இந்த மிஸ்ஸிங் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது ஒரு கலை. அதன் அருமையையும், அது எங்கே பிசகுகிறது என்பதையும் இன்று பார்க்கலாம்.

இத்தகைய சிறு படகு இஞ்சின்கள் பலவும் டூ-ஸ்ட்ரோக். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அது புதிதல்ல. முதுகில் மாட்டும் புல்வெட்டி மெஷின், ஒரு காலத்தில் தெருவையே அதிரவைத்த யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார் சைக்கிள் எல்லாம் அதே வகைதான். ஆனால் அவற்றில் இருப்பது ஒற்றைச் சிலிண்டர். அது செத்தால் வண்டி நின்றுவிடும், நோய் எங்கே என்ற குழப்பமே இல்லை. மீனவர்களிடம் பெயர்பெற்ற யமஹா எண்டுரோ 15 குதிரைத்திறன் இஞ்சினில் சிலிண்டர் இரண்டு. ஒன்று செத்தாலும் மற்றது படகை இழுத்துக்கொண்டு போகும்.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். இஞ்சின் விக்கினால் உடனே கார்பரேட்டரைக் கழற்றுகிறார்கள். எண்டுரோ 15-இல் இரண்டு சிலிண்டருக்கும் ஊட்டுவது ஒரே கார்பரேட்டர். ஒரு சிலிண்டர் மட்டும் சாகிறது என்றால், கார்பரேட்டர்மேல் பழிபோட நியாயம் குறைவு. எது செத்தது என்று தெரிவதற்கு முன் ஸ்பேனரைக் கையில் எடுப்பது வீண் வேலை.

நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது, எந்த வேகத்தில் விக்குகிறது என்றுதான். மெதுவாக ஓடும்போது விக்கி, வேகம் கூட்டியதும் சரியாகிவிட்டால், கார்பரேட்டரில் மெதுவோட்டத்துக்கான சின்ன ஜெட் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். முழு வேகத்தில் தொய்ந்தால், பெட்ரோல் போதிய அளவு வந்துசேரவில்லை என்று சந்தேகிக்கலாம். அப்போது ஒருவர் படகை ஓட்ட, இன்னொருவர் பெட்ரோல் குழாயிலுள்ள ரப்பர் பல்பை அமுக்கிக்கொண்டே வர வேண்டும். அமுக்க அமுக்க இஞ்சினுக்குத் தெம்பு வந்தால், பம்பின் சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது குழாய் இணைப்பில் காற்று புகுந்திருக்கலாம். பல்ப் தானாகவே சப்பிப்போயிருந்தால் டாங்கிப் பக்கம் அடைப்பு. பல சமயம் டாங்கி மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பார்கள், அவ்வளவுதான். சோக்கும் இப்படி உதவும். கொஞ்சம் இழுத்ததும் சீரானால் கலவையில் பெட்ரோல் குறைவு. மோசமானால் ஏற்கெனவே அதிகம். ஒரு சென்கூடச் செலவில்லாமல் இவ்வளவு சொல்லும் சோதனைகள் வேறு இயந்திரங்களில் அபூர்வம்.

அடுத்தது பிளக். ஓடும் இஞ்சினில் பிளக் தொப்பியைப் பிடுங்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அதை விட்டுவிடுவது நல்லது. மின்பொறிக்குப் போக்கிடம் இல்லாமல் பொறியை உண்டாக்கும் சிடிஐ பெட்டியே கெடலாம். இஞ்சினை நிறுத்தி, தொப்பியை ஓர் உபரி பிளக்கில் மாட்டி, அந்தப் பிளக்கை இஞ்சின் உடம்போடு நன்றாகத் தொடவைத்துக் கட்டிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் வாடை இருக்கவே கூடாது. ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால், அந்தச் சிலிண்டர் முன்பே வேலைநிறுத்தத்தில் இருக்கிறது.

கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் கதை தெரியும். பீங்கான் நுனி தே தாரிக் நிறத்தில் இருந்தால் எரிவது சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கறுப்பாகப் பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி விழாமல் இருக்கலாம். துளித்துளியாகத் தண்ணீர் நின்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். பிறகு இரண்டு பிளக்கையும் இடம் மாற்றிப் போட வேண்டும். நோயும் கூடவே இடம் மாறினால் பிளக்தான் குற்றவாளி. மாறாவிட்டால் காயிலை மாற்றிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்ற இந்தக் கட்டுப்பாடு கலையின் உயிர். பிளக், காயில், ஜெட் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றியவருக்கு இஞ்சின் சரியானாலும் காரணம் தெரியாது. அடுத்த முறையும் மூன்றுக்கும் காசு கொடுப்பார்.

இரண்டு சிலிண்டரும் சேர்ந்து விக்கினால் கார்பரேட்டரைத் திறக்கலாம். மாதக்கணக்கில் சும்மா கிடந்த பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகி, மிச்சம் பிசினாக ஜெட்டில் ஒட்டிக்கொள்கிறது. எப்போதாவது மட்டும் ஏரிக்குப் போகிறவர்களின் இஞ்சினில் இதுதான் முதல் சந்தேகம். பித்தளை ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கிளீனரும் அழுத்தக் காற்றும் போதும்; வேண்டுமானால் தூண்டில் நரம்பு ஓர் இழை.

எண்ணெயிலும் கவனம் தேவை. பழகிய இஞ்சினுக்குப் பொதுவாக 50-க்கு 1, அதாவது 20 லிட்டர் பெட்ரோலுக்கு 400 மில்லி. மோட்டார் சைக்கிளுக்கு விற்கும் 2டி எண்ணெயைப் படகு இஞ்சினில் ஊற்றக் கூடாது. ஏரித் தண்ணீரால் குளிரும் படகு இஞ்சினுக்குச் சாம்பல் விடாத டிசி-டபிள்யூ3 தர எண்ணெய் வேண்டும். இல்லாவிட்டால் படிவு சேர்ந்து பிளக்கைக் கெடுக்கும்.

யாழ்ப்பாணத்து மீனவர்கள் இதைவிடக் கடினமான பாடம் கற்றவர்கள். அங்கே பல படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறி, கரைக்கு வருமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற வேண்டும். மறந்தால் மறுநாள் விடியலில் இஞ்சின் முரண்டு பிடிக்கும். 2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானபோது, ஒவ்வொரு விக்கலும் அவர்கள் பையைத் தொட்டது.

டூ-ஸ்ட்ரோக் படகு இஞ்சின் நேற்று வந்ததல்ல. 1909-இல் ஒலே எவின்ருட் விற்கத் தொடங்கிய படகு மோட்டாரும் டூ-ஸ்ட்ரோக்தான். அவர் பெயரைத் தாங்கிய இஞ்சின்களின் தயாரிப்பு 2020-இல் நின்றுபோனது. ஃபோர்-ஸ்ட்ரோக் பெருகும் இந்நாளில், காதாலும் கையாலும் நோய் கண்டறியும் இந்தத் திறமை இளைஞர்களிடம் சேராமல் போவது பெரிய இழப்பு.

மேலே சொன்ன சோதனைகளை எல்லாம் செய்தும் மிஸ்ஸிங்கின் காரணம் பிடிபடாவிட்டால் கம்ப்ரஷன் மீட்டர். இரண்டு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, கயிற்றை இழுத்து அளக்க வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் பத்து சதவிகிதத்தைத் தாண்டினால் ரிங், பிஸ்டன் பக்கம் வேலை இருக்கிறது. ரீபோரா, வேறு இஞ்சினா என்பதைப் பட்டறையில் பேசிக்கொள்ளலாம். ஆனால் வெளுத்த பிளக்கோடு மட்டும் ஏரி நடுவுக்குப் போகக் கூடாது. டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்த சிலிண்டருக்கு எண்ணெயும் குறையும். பிஸ்டன் இறுகி நின்றுவிடும்.