எல்லாப் பிள்ளைக்கும் ஓர் அழைப்பு



பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சீட்டு எழுதி அழைப்பது புது வழக்கம். முன்பெல்லாம் விசேஷம் என்றால் வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு வீடு வீடாகப் போய் அழைப்பார்கள். நேரில் அழைக்கும்போது முகத்தைப் பார்த்துப் பேசலாம். சீட்டில் எழுத்து மட்டும்தான் பேசும். அதனால் யோசித்து எழுத வேண்டும்.

யாரை அழைப்பது?

ஒன்றாம் வகுப்பில் 20 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை 8 பேருக்கு மட்டும் வகுப்பில் சீட்டுக் கொடுக்கிறது. மீதி 11 பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். விடுபட்டவர்கள் காலனிப் பிள்ளைகள் என்றால் என்ன ஆகும்? சின்னப் பிள்ளை வாய் திறந்து கேட்காது. ஆனால் அதற்குப் புரியும். அந்தக் காயம் எளிதில் ஆறாது.

ஆகவே வகுப்பில் எல்லாரையும் அழைக்க வேண்டும். வசதி இல்லையென்றால் நாலைந்து பேரை அழைக்கலாம். அப்போது பள்ளியில் சீட்டுக் கொடுக்கக் கூடாது. வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அப்போதும் சாதி பார்த்துப் பிரிக்கக் கூடாது.

பரிசு வேண்டாம்

சீட்டு போய்ச் சேரும் வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டுத் தாய் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் கூலி வேலை செய்கிறாள். சித்தூர்ப் பக்கம் அந்த வேலை மாங்காய்ப் பருவத்தில்தான் மும்முரம். மற்ற மாதங்களில் கையில் காசு குறைவு. விசேஷம் என்றால் மொய் வைக்க வேண்டுமே! "வெறுங்கையோடு எப்படி அனுப்புவது?" என்று நினைக்கிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே வைத்துக்கொள்கிறாள்.

"பரிசு வேண்டாம்" என்ற இரண்டு சொல் அந்தக் கவலையைத் தீர்த்திருக்கும். அப்படியும் சிலர் பரிசு கொண்டுவருவார்கள். அதை எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்டக் கூடாது.

நேரமும் சாப்பாடும்

புத்தலப்பட்டிலிருந்து திருப்பதி வழியாக நாயுடுபேட்டைக்குப் பெரிய சாலை போகிறது. சின்னப் பிள்ளைகள் அதைத் தனியே கடக்கக் கூடாது. எனவே தொடங்கும் நேரம், முடியும் நேரம், வீட்டில் கொண்டுவிடுவது யார் என்று எழுத வேண்டும். கடையில் வாங்கும் கேக்கில் பெரும்பாலும் முட்டை இருக்கும். முட்டை சாப்பிடாத வீடுகள் உண்டு. அதையும் முன்பே சொல்ல வேண்டும்.

இப்படி எழுதலாம்:

"அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகளுக்கு ஆறு வயது நிறைகிறது. வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் அழைக்கிறோம். உங்கள் பிள்ளையை மாலை 4 மணிக்கு அனுப்பி வையுங்கள். தம்பி, தங்கையும் வரலாம். 6 மணிக்கு நாங்களே கொண்டுவந்து விடுகிறோம். எலுமிச்சை சாதமும் பாயசமும் உண்டு. முட்டை, கறி இல்லை. பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாதது எதுவும் இருந்தால் சொல்லுங்கள். பரிசு வேண்டாம். பிள்ளை வந்தாலே எங்களுக்கு மகிழ்ச்சி."

இங்கே பல வீடுகளில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் பிள்ளைகள் தெலுங்கு படிக்கிறார்கள். ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் தெலுங்கிலும் எழுதினால் நல்லது. எழுத்து பெரிதாக இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர் வீட்டில் சீட்டை நீட்டிவிட்டு வரக் கூடாது. உட்கார்ந்து, நிதானமாகப் படித்துச் சொல்ல வேண்டும்.

வேறு வழியும் உண்டு

வீட்டில் இடம் இல்லையா? குஜராத்தில் 'திதி போஜன்' என்ற ஏற்பாடு தொடங்கியது. பிறந்தநாள் போன்ற நாட்களில் பள்ளி மதிய உணவோடு இனிப்போ பழமோ வீட்டார் கொடுப்பார்கள். 2021இல் வந்த பி.எம். போஷன் திட்டமும் இதை ஊக்குவிக்கிறது. தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுச் செய்யலாம். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யாரும் விடுபட மாட்டார்கள்.

எழுதப் படிக்கக் கற்றவர்கள் இன்றே ஓர் அழைப்பு எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும், கையில் காசு இல்லாத ஒரு தாய் அதைப் படிப்பதாக நினைத்து, மறுபடியும் ஒருமுறை படியுங்கள். அவள் பிள்ளையைத் தயங்காமல் அனுப்புவாள் என்றால், அது நல்ல அழைப்பு.