ஆவரசம் பூவும் சலரோகக் குளிசையும்



இன்றைக்கு ஆவரசைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆவாரை என்றும் சொல்வோம். மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டை என்று மழை குறைந்த இடமெல்லாம் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் பற்றை. இலைக்காம்பின் அடியில் காதுமடல் போல இரண்டு சிறு மடல்கள் இருக்கும். அதனால்தான் தாவரவியலில் இதற்கு 'சென்னா ஆரிகுலேட்டா', காதுள்ள சென்னா என்று பெயர். தமிழ்நாட்டில் இதன் பட்டையைத் தோல் பதனிட நெடுங்காலம் பாவித்தார்கள். சிங்கள மக்கள் 'ரணவரா' என்று பூவை அவித்துத் தேநீர்போலக் குடிப்பார்கள்.

மொன்றியல் குளிரில் இந்தப் பற்றை வெளியில் தப்பாது. ஆனால் காய்ந்த பூவாகவும் தூளாகவும் எங்கள் குசினிக்கு வந்துவிடுகிறது. சலரோகத்துக்கு நல்லதென்று ஊரிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிவைப்பார்கள்.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்பது பழமொழி. எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர் அதை நம்பி, தூள் வந்த கையோடு குளிசையை நிறுத்திவிட்டார். சில கிழமைகளில் சீனி ஏறி, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தது.

பழமொழியில் பிழை இல்லை. அது பிறந்த காலம் வேறு. சலரோகக்காரர் ஒருவருக்கு முதன்முதலில் இன்சுலின் ஊசி போட்டது 1922 ஜனவரியில், இதே கனடாவில், ரொறன்ரோவில். அதற்கு முன்னர் பத்தியத்தையும் மூலிகையையும் விட்டால் சனத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆவரசம் பூச்சாறு சீனியைக் குறைப்பதை எலிகளில் செய்த ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் குளிசைக்குப் பதிலாக மனிதருக்கு இது போதும் என்று எவரும் நிரூபிக்கவில்லை.

மற்றப் பக்கமும் உண்டு. குளிசையோடு இதையும் சேர்த்து நிறையக் குடித்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் உடனே இனிப்பாக ஏதாவது குடியுங்கள். சீனியைச் சோதித்துப் பாருங்கள்.

குடிக்க விரும்புகிறவர்கள் முதலில் பார்மசி மருந்தாளரைக் கேளுங்கள். ஆவரசு என்றால் அவருக்கு விளங்காது. பிள்ளைகளைக் கொண்டு 'சென்னா ஆரிகுலேட்டா' என்று எழுதுவித்துக் கொண்டுபோங்கள். வயிற்றைப் போக்கும் சென்னா, எங்கள் நிலவாகை, வேறு. அதையும் சொல்லச் சொல்லுங்கள். இரவு பகல் எந்நேரமும் 811க்கு அடித்தால் தாதி ஒருவர் கதைப்பார்.

பூவைக் குடியுங்கள், வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. குளிசையை மட்டும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்.