வேர்க்கிற பானை

ராமநாதபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் கரண்டும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. வாளியும் கயிறும்தான். ஐப்பசி மழைக்குப் போட்ட விதை மாசிக்குள் காய்த்து ஓய்ந்துவிடும். அதைச் சித்திரை வரை நீட்டிப்பது எப்படி என்று வானொலியில் பேசச் சொன்னார்கள். மேற்கு வெயிலுக்குத் தென்னங்கீற்றுத் தட்டி வேண்டும், செடியடியில் சருகு மூடாக்கு வேண்டும். இரண்டும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் பானைக்கு வருகிறேன்.

ஏழெட்டு லிட்டர் பிடிக்கிற மண்பானையைக் கழுத்துவரை புதையுங்கள். தண்ணீர் ஊற்றி மூடுங்கள். மூடாவிட்டால் கொசு குடும்பம் நடத்தும்! சுற்றி ஒரு சாண் தள்ளிப் பூசணியோ பாகலோ ஊன்றுங்கள். மண் காயக் காயப் பானையிலிருந்து நீரை இழுக்கும். ஈரமானால் கசிவு தானாகக் குறையும். திறக்க, மூட ஆள் வேண்டாம். சீனத்தில் ஃபான் ஷெங்ழி எழுதிய வேளாண் நூலில், கி.மு. முதல் நூற்றாண்டிலேயே, புதைத்த பானையைச் சுற்றி முலாம்பழம் வளர்ப்பது பற்றி இருக்கிறது.

எங்கள் வேளாரிடம், "மண்ணோடு உமி கொஞ்சம் கூடச் சேர்த்து வனைந்து கொடுங்கள்" என்று கேட்டேன். உமி சூளையில் எரிந்து நுண்துளை விடும். அவர் சிரித்துவிட்டார். "எல்லாரும் ஒழுகுதுன்னு பானையைத் திருப்பிக் கொண்டு வருவாங்க. நீங்க ஒழுகுற பானையா பாத்துக் கேக்குறீங்களே!" ஒழுகக் கூடாது, வேர்க்க வேண்டும். தண்ணீர் நிரப்பிச் சில மணி நேரத்தில் வெளிப்புறம் முழுக்க ஈரம் பூத்தால் அதுதான் நம் பானை.

வைகாசியில் கொடி முடிந்து பானையைத் தோண்டும்போது பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவேன். நீங்களும் காட்டுங்கள். வெள்ளை வேர்கள் வலை பின்னிப் பானையை அப்படியே கட்டிப்பிடித்திருக்கும். அக்கம்பக்கத்து மண் புழுதியாகக் கிடக்க, அந்த ஒட்டு மண் மட்டும் கையில் குளுகுளுவென்று இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். கடைசியாகச் சில விஷயங்கள். நாற்றின் வேர் பானையைத் தொடும்வரை மேலேயும் தண்ணீர் விடுங்கள். பாதி குறைந்ததும் பானையை நிரப்புங்கள். உப்புத் தண்ணீர் என்றால் துளை அடைபடும், பருவம் முடிந்ததும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். தை விதைப்புக்கு முன்னால் பொங்கல் பானை வாங்கத்தானே போவீர்கள்? கூட நாலு வாங்கிவிடுவீர்கள் என்று நம்புகிறேன். பெயிண்ட் அடித்த பானை மட்டும் வேண்டாம், அது வேர்க்காது.