கடல் எல்லையும் வகுப்பறையும்

இந்தியாவும் அமெரிக்காவும் 1992இல் தொடங்கிய மலபார் கடற்பயிற்சியில் இன்று ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் உள்ளன. 2018இல் குருகிராமில் தொடங்கப்பட்ட தகவல் மையம், கப்பல்கள் அனுப்பும் மின்னணுச் சமிக்ஞைகளைக் கொண்டு இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்கிறது. ஆயினும் எந்தக் கடற்பரப்பில் யாருக்கு என்ன உரிமை என்பதைச் சட்டம்தான் சொல்ல முடியும்.

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்கீழ் வந்த இரு தீர்ப்புகளை நான் மாணவர்முன் அருகருகே வைப்பதுண்டு. 2014இல் வங்காள விரிகுடாவில் சர்ச்சைக்குரிய பரப்பின் பெரும்பகுதி வங்கதேசத்துக்குப் போனது, இந்தியா ஏற்றுக்கொண்டது. 2016இல் தென்சீனக் கடல் தீர்ப்பு பிலிப்பைன்சுக்குச் சாதகமானது, சீனா ஏற்கவில்லை.

வலிய நாடு தீர்ப்புக்குக் கட்டுப்படுவது பலமா, பலவீனமா? பலம் என்பதே என் கருத்து. உங்கள் மாணவர்களும் விவாதிக்கட்டும்.