நாயனம் ஊதுபவரும் தொழிலாளியே

(வேதாரண்யத்தில் உப்பளத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கும் கூலியைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஆனால் மண்வெட்டி பிடிப்பவரின் கூலியைப் பற்றிப் பல தடவை பேசியாகிவிட்டது. இன்று பேசப் போவது நாயனம் பிடிப்பவரின் கூலி. தவில் தட்டுபவரின் கூலி.

"சங்கீதத்துக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நாம் நிற்பது வேதாரண்யம். இந்த ஊர் அம்மனுக்குப் பெயரே யாழைப் பழித்த மொழியம்மை. அம்மன் குரலுக்கு ஈடு கொடுக்க முடியாமல் வீணையை விட்டுவிட்டாள் என்று சொல்லி, இந்தக் கோயிலில் சரஸ்வதியை வீணை இல்லாமலே வைத்திருக்கிறார்கள். அப்பர் பாடிக் கதவு திறந்தது, சம்பந்தர் பாடிக் கதவு மூடியது என்று தலபுராணம் சொல்கிறது. புராணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். பாட்டுக்கு இவ்வளவு பெருமை கொடுத்த ஊரில், பாட்டையே தொழிலாகக் கொண்டவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்பது நம் எல்லோருடைய கடமை. இந்த ஊர்ப் பெயரோடு சேர்த்து நாடறிந்த நாயனக் கலைஞர் வேதாரண்யம் வேதமூர்த்தி. அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிற நாம், பெயர் தெரியாத நூறு பேரைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

முதலில் அது எப்பேர்ப்பட்ட உழைப்பு என்று பாருங்கள். கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவே நரசிங்கம்பேட்டை என்று ஓர் ஊர். பழைய வீடுகளில் தூணாகவும் உத்தரமாகவும் இருந்து காய்ந்து முற்றிய ஆச்சா மரத்தை வாங்கி வந்து அங்கே நாயனம் கடைகிறார்கள். அந்த நாயனத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆற்றங்கரை நாணலைப் பக்குவம் செய்து சீவாளி கட்டுகிறார்கள். தவிலுக்குப் பலா மரம். ஆக, கச்சேரிக்கு முன்பே தச்சரும் தோல் வேலை செய்பவரும் சீவாளி கட்டுபவரும் உழைத்துவிட்டார்கள்.

பிறகு வாசிப்பவர். ஏழெட்டு வயதில் குருவிடம் விடுகிறார்கள். விடியுமுன் எழுந்து சாதகம். பத்து வருஷம் போனால்தான் ஒரு செட்டில் இரண்டாவது நாயனமாகச் சேரலாம். பெரிய மேளம் என்றால் இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒத்து, தாளம் என்று ஆறு பேர். ஒத்து ஊதுபவர் மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் ஊத வேண்டும். ஸ்வரம் அறுபடக் கூடாது. தவில்காரர் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு, தோளில் பாரத்தைச் சுமந்து, சாமி புறப்பாடு முழுதும் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். மல்லாரி வாசிக்காமல் பல்லக்கு நகராது. சாமியையே நகர்த்துகிற உழைப்பு அது! ஆனால் அந்த உழைப்புக்குக் கூலி என்று பெயர் வைக்கவில்லை. "சன்மானம்" என்று பெயர் வைத்தார்கள்.

இந்தப் பெயரில்தான் சூட்சுமம் இருக்கிறது, தோழர்களே! கூலி என்றால் கேட்டு வாங்கலாம். குறைந்தால் சண்டை போடலாம். சன்மானம் என்றால் கொடுப்பவர் மனசு. மிராசுதார் மனம் குளிர்ந்தால் தங்கச் சங்கிலி. முகம் சுளித்தால் வெறும் வெற்றிலை பாக்கு. கோயில் ஊழியத்துக்கு இனாம் நிலம் விட்டார்கள். ஊழியம் நின்றால் நிலமும் கைவிட்டுப் போகும். இந்தத் தந்திரம் நமக்குப் புதிதல்ல. பண்ணையாளுக்குக் களத்தில் கொஞ்சம் நெல், பொங்கலுக்கு ஒரு வேட்டி, "ஐயா கொடுத்தது" என்று பெயர். அந்த நிலையை எதிர்த்துத் தஞ்சை ஜில்லாவில் விவசாயிகள் போராடிய பிறகுதான் 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தர்மமாக வந்தது உரிமையாக மாறியது. வயலில் நடந்த அந்த மாற்றம் நாயனக்காரர் வீட்டுக்கு இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை.

மரியாதைச் சண்டை ஒன்று நடந்தது. அதை மறக்கக் கூடாது. ஒரு காலத்தில் நாயனக்காரர் பெரிய மனிதர் முன்னால் சட்டை போடக் கூடாது. தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும். வாய்ப்பாட்டுக்காரர் மேடையில் உட்கார்ந்து பாடுவார். நாயனக்காரர் தெருவில் நின்று ஊத வேண்டும். நம் நாகைப் பக்கத்துத் திருமருகலில் 1898இல் பிறந்த டி. என். ராஜரத்தினம் பிள்ளை இதை உடைத்தார். கிராப்பு வைத்தார், கோட்டுப் போட்டார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி நீளமான பாரி நாயனத்தைத் திருத்தி அமைக்க, இவர் அதில் தோடியை ஆறாய் ஓடவிட்டார். 1947 ஆகஸ்டில் சுதந்திரம் பிறந்தபோது டில்லியில் ஒலித்தது இவருடைய நாயனம். 1956 டிசம்பர் 12இல் அவர் மறைந்தார். அவர் பெற்றுத் தந்த மரியாதை மறையவில்லை. சுயமரியாதை இயக்கத்தாரும் தோள் துண்டுக்காக ஊர் ஊராக வாதாடினார்கள். தோளுக்குத் துண்டு வந்தது. வயிற்றுக்குச் சோறு?

மேல் நாடுகளில் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அங்கே ஆபரா என்று ஒன்று உண்டு; வசனமே இல்லாமல் பெரும்பாலும் பாட்டாலேயே நடக்கிற நாடகம். நம் பக்கத்தில் நந்தனார் சரித்திரத்தைப் பாட்டாகவே நடத்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்க்கெஸ்ட்ரா என்றால் எண்பது, நூறு வாத்தியக்காரர் ஒரே சமயத்தில் வாசிப்பது. அங்கேயும் நிறபேதம் இருந்தது. மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகிக்கு 1939இல் வாஷிங்டனில் ஒரு பெரிய மண்டபத்தைக் கொடுக்க மறுத்தார்கள். அவர் லிங்கன் நினைவு மண்டபத்துப் படிகளில் நின்று பாடினார். 75,000 ஜனங்கள் கூடிக் கேட்டார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா மேடையில் அவர் ஏறியது 1955இல்தான். வயது ஐம்பத்தேழு ஆகிவிட்டது.

ஆனால் அங்கே வாத்தியக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தாங்கள் தொழிலாளிகள் என்று ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனம் 1896இல் ஆரம்பித்தது. கிராமபோன் தட்டு வந்து வேலையைப் பறித்தபோது, 1942 முதல் 1944 வரை இந்தச் சம்மேளனத்தார் தட்டில் வாசிக்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். விற்கிற ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தொகை தொழிலாளர் நிதிக்கு வர வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். 2020இல் கொள்ளைநோய் வந்தது. மெட்ரோபாலிட்டன் ஆபராவின் வாத்தியக்காரர்களே ஏறத்தாழ ஒரு வருஷம் சம்பளம் இல்லாமல் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு வைத்திய இன்சூரன்ஸ் நிற்கவில்லை. பேரம் பேச யூனியன் இருந்தது. அதே 2020இல் நம்மூரில் திருவிழா நின்றது, கல்யாணம் சுருங்கியது. நாயனக்காரர் யாரிடம் போய்ப் பேசுவார்?

இன்னொன்றும் கேளுங்கள். 1942இல் ஹிட்லரின் படை லெனின்கிராட் நகரத்தை முற்றுகையிட்டிருந்தது. பட்டினியால் ஜனங்கள் செத்து விழுந்தார்கள். வானொலி ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கத் தெம்புள்ளவர் சுமார் பதினைந்து பேர்தான் மிச்சம். ராணுவத்திலிருந்து வாத்தியக்காரர்களை அழைத்து வந்தார்கள்; அவர்களுக்குக் கூடுதல் ரேஷன் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 9ஆம் தேதி கார்ல் எலியாஸ்பெர்க் நடத்த, ஷாஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனி முழங்கியது. ஒலிபெருக்கி வைத்து எதிரியின் காதிலும் விழச் செய்தார்கள். இதில் நமக்குப் பாடம் என்ன? பாட்டு வேண்டுமென்றால் பாடகனுக்கு முதலில் ரொட்டி வேண்டும்.

இனி நம்மூருக்கு வருவோம். கோயிலில் பூஜை நேரத்துக்கு இப்போது யார் மேளம் வாசிக்கிறார்? பல கோயில்களில் ஒரு மின்சார யந்திரம்! பொத்தானை அமுக்கினால் முரசும் மணியும் சேர்ந்து தடதடக்கும். ஆறு பேர் வேலையை ஒரு மோட்டார் தின்றுவிட்டது. பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் பல தறியைப் பார்க்க வேண்டிவந்தபோது மற்றவர் எங்கே போனார் என்பது அவர்களுக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம்கூடப் பெட்டியிலிருந்து வருகிறது. பதிவு செய்த வாசிப்பில் கலைஞருக்கு உரிமை உண்டு என்று 1994இலும் 2012இலும் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க ஒரு ஸ்தாபனம் வேண்டாமா?

சிலர் கேரளத்துச் செண்டை மேளத்தின் மேல் கோபப்படுகிறார்கள். அது தவறு. செண்டை அடிப்பவரும் கூலிக்கு வந்த உழைப்பாளி. கோபம் அவர் மேல் திரும்பினால் லாபம் யாருக்கு?

ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை. நடவுக்கும் அறுப்புக்கும் இடையே நமக்கு எப்படியோ, மழைக்காலத்தில் உப்பளத்துக்கு எப்படியோ, அப்படித்தான் அவருக்கும். பல் விழுந்தால் சீவாளி நிற்காது. மூச்சு தளர்ந்தால் தொழிலே நின்றது. முதுமைக்கு என்ன வழி? மதுரை பொன்னுத்தாய் ஆண்கள் மட்டுமே வாசித்த நாயனத்தைக் கையில் எடுத்த வீராங்கனை, 2012இல் மறைந்தார். உலகப் புகழ் பெற்ற வியன்னா பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா ஒரு பெண்ணை முழு உறுப்பினராகச் சேர்த்தது 1997இல்தான். அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே நம் பொன்னுத்தாய் கோயில் வாசலில் வாசித்தார்! அந்தப் பெருமையை நாம் பேசிக்கொள்கிறோம். ஆனால் ஒரு பெண் இன்று இந்தத் தொழிலுக்கு வந்தால் அவருக்குப் பிரசவகாலச் சம்பளம் யார் கொடுப்பார்?

ஜாதி விஷயத்தையும் மூடி மறைக்காமல் பேசுவோம். நாயனக்காரரை மேல்ஜாதியார் தெருவில் நிறுத்தினார்கள். ஆனால் அதே தெருவுக்குள் நம் சேரி ஜனங்கள் வந்து நாயனம் கேட்கவும் முடியாமல் இருந்தது. பறை அடிப்பவருக்கு நாயனக்காரரும் சமமான இடம் கொடுத்ததில்லை. இப்படி ஏணிப்படி போல ஒருவர் தலையில் ஒருவரை நிற்க வைத்தால் கீழே இருக்கிறவர் கூலி ஒருநாளும் உயராது. மேலே இருக்கிறவர் கூலியும் உயராது. கலைக்கு ஜாதி மதம் இல்லை என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? ஆந்திரத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் நம் தஞ்சாவூர் பாணியைக் கற்றார். ஸ்ரீரங்கத்தில் குடியேறி, அரங்கன் சன்னிதியில் வாசித்தார். பறையும் தவிலும் நாயனமும் ஒரே சங்கத்தில் உட்கார வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது என்ன? கோயில்களில் நாயன, தவில் பதவி காலியாக இருந்தால் நிரப்ப வேண்டும். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுக்க வேண்டும். யந்திரத்தை வைத்து ஆளை வெளியேற்றக் கூடாது. அரசு இசைப் பள்ளிகளில் படித்து வெளியே வரும் பையனுக்கும் பெண்ணுக்கும் வேலை காட்ட வேண்டும். நல வாரியத்தில் பதியாத கலைஞர் யார் யார் என்று கிளைத் தோழர்கள் வீடு வீடாகப் போய் விசாரித்துப் பதியச் செய்ய வேண்டும்.

சர்க்காரிடம் கேட்பது இவ்வளவு. நம்மிடமும் கேட்க வேண்டியது உண்டு. நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்தலுக்கும் பாத்திரத்துக்கும் சொன்ன பணத்தைக் கொடுத்துவிட்டு, நாயனக்காரரிடம் மட்டும் பேரம் பேசுகிறோமா இல்லையா? முன்பணம் கொடுத்தோமா? கடைசிப் பந்தி வரை அவரைக் காத்திருக்க வைத்தோமா? தாளம் போடும் பையனுக்கும் பங்கு போய்ச் சேர்ந்ததா என்று செட்டுத் தலைவரைக் கேட்டோமா? கூலிக்காகக் கொடி பிடித்த கை, இன்னொரு தொழிலாளியின் கூலியைக் குறைக்கக் கூடாது.

வரும் தை மாதத்தில் முகூர்த்தம் தொடங்குகிறது. அதற்கு முன்பே ஒவ்வொரு கிராமத்திலும் நாயனக்காரர், தவில்காரர், பறை அடிப்பவர் எல்லோரையும் ஒரு நாள் கூட்டி உட்கார வைத்துப் பேசுவோம். இந்த வட்டாரத்துக்கு ஒரே கூலி விகிதம் என்று அவர்களே முடிவு செய்யட்டும். அந்த விகிதத்தை நம் வீடுகளில் முதலில் கொடுத்துக் காட்டுவோம்.